மாறியதும் மறைத்ததும்

1969-ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி இத்தாலியன் ஜாப்’ என்ற பிரிட்டிஷ் திரைப்படம் ஒரு மலைப்பாதையில் தொடங்குகிறது. ஆல்ப்ஸ் மலையின் கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாய்ச் சாலையில் ஆரஞ்சு நிற லம்போர்கினி மியூரா கார் ஒன்று வளைந்து வளைந்து ஏறுகிறது. பின்னர் அது ஒரு சுரங்கப்பாதைக்குள் விரைந்து நுழைகிறது. உள்ளே வழிமறித்து நிற்கும் மண் தள்ளும் இயந்திரத்தில் மோதி நொறுங்குகிறது. நொறுங்கிய உடல் பள்ளத்தாக்கில் தள்ளப்படுகிறது. படம் பார்த்தவர்கள் பலரும் அந்த அழகிய கார் அன்றே அழிந்தது என்று எண்ணினர்.

ஆனால் அது அழியவில்லை. அந்தக் காட்சிக்கு இரண்டு கார்கள் பயன்பட்டன. நொறுங்கியது, ஏற்கெனவே விபத்தில் சிதைந்திருந்த வேறொரு மியூரா. மலைப்பாதையில் ஓடியதோ, வாடிக்கையாளருக்கு அனுப்புவதற்காகத் தொழிற்சாலையில் ஆயத்தமாக நின்றிருந்த புத்தம்புதிய கார். அதில் வெண்ணிறத் தோல் இருக்கைகள் இருந்தன. படப்பிடிப்பில் அவை பழுதாகிவிடக் கூடாதே என்று அவற்றைக் கழற்றிவிட்டு, சோதனை ஓட்டத்திற்குப் பயன்படும் கறுப்பு இருக்கைகளைப் பொருத்தினார்கள். ஆனால் தலைசாய்க்கும் திண்டுகளை மட்டும் மாற்ற இயலவில்லை. அவை இருக்கையோடு சேராமல், இஞ்சின் பகுதியைப் பிரிக்கும் தடுப்போடு இணைந்திருந்தன. ஆகவே படத்தைக் கூர்ந்து நோக்குபவர் இன்றும் காணலாம்: இருக்கைகள் கறுப்பு, திண்டுகள் வெள்ளை.

படப்பிடிப்பு முடிந்ததும் வெள்ளை இருக்கைகள் தம் இடத்திற்குத் திரும்பின. 1968-ஆம் ஆண்டிலேயே அந்தக் கார் ரோம் நகருக்கு விற்பனையாகிச் சென்றது. பிறகு கைமாறிக் கைமாறிப் பல்லாண்டுகள் கழிந்தன. ‘அந்தக் கார் எது? இன்று எங்கே?’ என்ற கேள்வி பழங்கார் ஆர்வலர்களிடையே ஓயாமல் எழுந்துகொண்டிருந்தது. 2019-ஆம் ஆண்டு, படம் வெளிவந்து 50 ஆண்டுகள் நிறைவுற்ற வேளையில், லம்போர்கினி நிறுவனத்தின் வரலாற்றுப் பிரிவான ‘போலோ ஸ்தோரிகோ’ விடை கூறியது. தொழிற்சாலை ஆவணங்களையும், படப்பிடிப்பில் அந்தக் காரைத் தாமே ஓட்டிய முன்னாள் ஊழியர் என்ட்ஸோ மொருட்ஸி உள்ளிட்டோரின் நினைவுகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, 3586 என்ற அடிச்சட்ட எண் கொண்ட மியூராவே அந்தக் கார் என்று சான்றளித்தது.

ஓர் இயந்திரத்தின் அடையாளத்தை நிறுவ இத்தனை ஆண்டுகள், இத்தனை உழைப்பு! உலகியல் ஆடம்பரம் என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆயினும் இந்தத் தேடலின் உள்ளே ஒரு பழமையான கேள்வி அமர்ந்திருக்கிறது. காலம் ஒரு பொருளின் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வரும்போது, ‘இது அதுவே’ என்று எதைக் கொண்டு சொல்வது? அந்தக் கேள்வி காரோடு நிற்பதில்லை. மனிதனையும் அது கேட்கிறது.

எண்களின் சாட்சி

1950-களிலும் 60-களிலும் இத்தாலியில் உருவான உயர்வகைக் கார்கள் பெரும்பாலும் கையால் செய்யப்பட்டவை. ஒரு நிறுவனம் அடிச்சட்டத்தையும் இஞ்சினையும் செய்யும். மேலுடலை பெர்டோனே, பினின்ஃபரீனா, ஸ்காலியெட்டி போன்ற உடற்கூடு அமைப்போர் செய்வர். அடிச்சட்டத்தில் ஓர் எண் பொறிக்கப்படும். இஞ்சினில் ஓர் எண். மேலுடலுக்கும் தனியே ஓர் எண் உண்டு. எந்த அடிச்சட்டத்தில் எந்த இஞ்சின் பொருத்தப்பட்டது, என்ன வண்ணம், என்ன தோல், எவருக்கு எந்த நாளில் அனுப்பப்பட்டது என்பதெல்லாம் தொழிற்சாலைக் குறிப்பேட்டில் பதிவாகும்.

கார் வெளியே சென்றபின் வேறு சாட்சிகள் சேர்கின்றன. இத்தாலியில் 1927 முதல் ஒரு பொது மோட்டார் வாகனப் பதிவேடு இருந்து வருகிறது. வாகனம் கைமாறும்போதெல்லாம் புதிய உரிமையாளரின் பெயர் அதில் ஏறும். அதனுடன் பழுதுபார்த்த ரசீதுகள், சுங்கச் சீட்டுகள், பந்தயப் பட்டியல்கள், யாரோ ஒருவர் குடும்பத்தோடு காரின் முன் நின்று எடுத்துக்கொண்ட பழைய புகைப்படம் ஆகியவை எல்லாம் சேர்ந்து அந்தக் காரின் வாழ்க்கை வரலாறு ஆகின்றன. எண்கள் ஒன்றோடொன்று பொருந்தினால், உரிமையாளர் வரிசையில் இடைவெளி இல்லாதிருந்தால், அதை ‘அசல்’ என்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்காக விலை பன்மடங்கு உயர்கிறது. விலை உயர்வதால், அந்தச் சொல்லைப் பொய்யாகச் சொல்லும் ஆசையும் உயர்கிறது.

எது அசல்?

அசல் என்பதற்கு ‘எதுவும் மாறாதது’ என்று பொருள் கொள்வதே எளிது. ஆனால் உண்மை நிகழ்ச்சிகள் அந்தப் பொருளை ஏற்பதில்லை.

ஃபெராரி நிறுவனத்தின் ‘250 ஜி.டி.ஓ.’ என்ற கார் 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே செய்யப்பட்டது. அவற்றுள் 3413 என்ற எண்ணுடைய கார் 2018-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு விற்பனையாயிற்று. அன்றுவரை ஏலத்தில் எந்தக் காருக்கும் அவ்வளவு விலை கிடைத்ததில்லை. வியப்பு என்னவென்றால், அந்தக் காரின் மேலுடல் 1962-இல் பிறந்தபோது இருந்த மேலுடல் அன்று. 1964-இல் ஸ்காலியெட்டி பட்டறையினர் அதற்குப் புதிய வடிவில் வேறு உடலை அமைத்தனர். கண்ணுக்குத் தெரியும் தோற்றமே மாறிவிட்டது. ஆயினும் அதன் மதிப்பு குறையவில்லை. ஏனெனில் அந்த மாற்றம் யார் செய்தது, எப்போது செய்தது என்பது வெளிப்படை. மாற்றமும் அதன் வரலாற்றில் ஓர் அத்தியாயம் ஆகிவிட்டது.

இன்னும் கடினமான வழக்கு ஒன்று இங்கிலாந்தில் 1990-இல் உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது. 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் லெ மான் பந்தயத்தில் வென்ற ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்ற பென்ட்லி காரை ஒருவர் 1 கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். ‘வென்ற காரின் உறுப்புகளில் அநேகமாக எதுவும் இதில் இல்லை; ஆகவே இது அந்தக் கார் அன்று’ என்று வாங்குபவர் மறுத்தார். பந்தயங்களின்போதும், 1932-இல் நேர்ந்த ஒரு கொடிய விபத்துக்குப் பின்னும் அதன் பாகங்கள் படிப்படியாக மாற்றப்பட்டிருந்தது உண்மையே. நீதிபதி ஆட்டன் எல்லாவற்றையும் ஆராய்ந்து விற்பவரின் பக்கமே தீர்ப்பளித்தார். புதிய பாகங்கள் சிறிது சிறிதாக முழுமையோடு கலந்தன. எந்தக் கட்டத்திலும் அந்தக் கார் தன் அடையாளத்தை இழக்கவில்லை. அந்தப் பெயருக்கு உரிமை கோர உலகில் வேறு கார் எதுவும் இல்லை என்பது அவருடைய முடிவின் சாரம்.

இந்தச் சிக்கல் பழைய கிரேக்கர்களுக்கும் தெரிந்திருந்தது. தீசியஸ் என்ற வீரனின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பாதுகாத்துவந்தனர். உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினர். எல்லாப் பலகையும் மாறியபின் அது அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் வாதிட்டதாக புளூடார்க் எழுதியுள்ளார். 17-ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் என்ற ஆங்கில அறிஞர் இதை மேலும் கடினமாக்கினார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து அதே வரிசையில் வேறொரு கப்பலைக் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்? பழங்கார் உலகில் இது வெறும் கற்பனை அன்று. விபத்தில் சிதைந்த காரின் அடிச்சட்டம் ஓரிடத்திலும் இஞ்சின் வேறிடத்திலும் போய்ச்சேர, இரண்டைச் சுற்றியும் முழுக் கார்கள் எழுந்து, இரண்டும் ஒரே பெயருக்கு உரிமை கோருவது உண்டு.

நம் நாட்டில் இதே கேள்வி ஒரு தேரை முன்வைத்து எழுந்தது. கிரேக்க வம்சத்து அரசன் மிலிந்தனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் கேட்கிறார்: அச்சுதான் தேரா? சக்கரம்தான் தேரா? நுகத்தடிதான் தேரா? ஒவ்வொன்றையும் அரசன் மறுக்கிறான். இவற்றை விட்டுத் தனியே தேர் என்று ஒன்று உண்டா என்று கேட்டால், அதற்கும் இல்லை என்கிறான். உறுப்புகள் ஒரு முறையில் இணைந்து நிற்பதை முன்னிட்டே ‘தேர்’ என்ற பெயர் வழங்குகிறது என்பது அந்த உரையாடலின் முடிவு. அதே நூல் விளக்கின் உவமையையும் கூறுகிறது. முதல் யாமத்தில் எரிந்த சுடரும் கடை யாமத்தில் எரியும் சுடரும் ஒன்றா? முற்றிலும் ஒன்று என்று கூற இயலாது. வேறு என்றும் கூற இயலாது. இரவு முழுவதும் எரிந்தது ஒரே விளக்கு. அறுபடாத தொடர்ச்சியே அதன் ஒருமை.

கடோபநிஷதம் இன்னொரு தேரைக் காட்டுகிறது. அங்கே உடல் தேர், புத்தி சாரதி, ஆன்மா தேரின் உரிமையாளன். நாகசேனர் உறுப்புகளைப் பிரித்துக் காட்டித் தேரைத் தேடச் சொல்கிறார். உபநிடதமோ தேரில் அமர்ந்திருப்பவனைத் தேடச் சொல்கிறது. இரு வழிகளின் முடிவுகள் வேறுவேறு. ஆயினும் ஒன்றில் இரண்டும் உடன்படுகின்றன: மரத்தையும் இரும்பையும் மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவன் தேடியதைக் காணமாட்டான்.

அழிக்கப்பட்ட எண்

உறுப்புகள் மாறுவது குற்றமன்று என்றால், குற்றம் எங்கே பிறக்கிறது?

ஒரே திறமையுள்ள இரு கைவினைஞர்களை எண்ணிப் பார்க்கலாம். இருவரும் ஒரு பழைய காரைப் பார்த்து அச்சு அசலாக ஒரு நகலைச் செய்கிறார்கள். ஒருவர் ‘இது நகல்’ என்று கூறி விற்கிறார். மற்றவர் பழைய எண்ணைப் பொறித்து ‘இதுவே அது’ என்று விற்கிறார். தகடு ஒன்றே, தொழில் நேர்த்தி ஒன்றே, ஓட்டும் இன்பமும் ஒன்றே. முதலாமவர் கலைஞர், இரண்டாமவர் மோசடிக்காரர். இருவரையும் வேறுபடுத்துவது பொருளில் இல்லை. பொருளைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. பொய் என்பது இரும்பில் இல்லை, நாவில் இருக்கிறது.

பொய் எண்ணைக் கண்டறியும் ஒரு முறை சிந்தனைக்குரியது. உலோகத்தில் ஓர் எண்ணை அடித்துப் பொறிக்கும்போது மேற்பரப்பு மட்டும் குழிவதில்லை. குழியின் அடியிலுள்ள உலோகமும் நசுங்கி உள்ளமைப்பு மாறுகிறது. பின்னர் ஒருவன் அந்த எண்ணை அரத்தால் ராவி, வழவழப்பாக்கி, மேலே வேறு எண்ணைப் பொறிக்கிறான். கண்ணுக்குப் பழைய எண் மறைந்துவிட்டது. ஆனால் அந்த இடத்தில் தக்க அமிலத்தைத் தடவினால், நசுங்கிய பகுதி மற்றப் பகுதியிலிருந்து வேறுபட்ட வேகத்தில் அரிக்கப்படும். மிக ஆழமாக ராவியிருந்தாலன்றி, அழிந்ததாக எண்ணிய எண் மங்கலாக மேலெழுந்துவரும்.

செயல்கள் மனத்தில் பதிக்கும் தடங்களை நம் முன்னோர் சம்ஸ்காரம் என்றனர். அவையும் இவ்வாறே. செய்த செயலை உலகின் பார்வையிலிருந்து துடைத்துவிடலாம். செய்தவனின் உள்ளமைப்பில் அது ஏற்படுத்திய அழுத்தம் அங்கேயே இருக்கும். சோதனை என்னும் அமிலம் படும்போது அது வெளிப்படும். ஆதலால் பழைய எண்ணை ராவுவதில் காலத்தைச் செலவிடுவதைவிட, அது அங்கே இருப்பதை ஒப்புக்கொண்டு மேலே செய்யவேண்டியதைச் செய்வதே அறிவுடைமை.

மௌனம் பொய்யாகுமா?

இங்கே நேர்மையானவர்களையும் தடுமாறச் செய்யும் ஒரு நிலைமை உண்டு. ஒருவர் தம் தந்தை விட்டுச்சென்ற பழைய காரை விற்க முற்படுகிறார் என்று கொள்வோம். ஆவணங்களைச் சேர்க்கும்போது ஒரு பழைய ரசீது கையில் அகப்படுகிறது. எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் இஞ்சின் மாற்றப்பட்டு, பொருந்திய பழைய எண்ணே புதிய இஞ்சினில் பொறிக்கப்பட்டிருக்கிறது. இதை அறிந்தவர் இப்போது அவர் ஒருவரே. வாங்க வந்தவர் காரின் அழகில் மயங்கி நிற்கிறார். இஞ்சினைப் பற்றிக் கேட்கவே இல்லை. ரசீதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினால் போதும். ஒரு பொய்யும் சொல்லவேண்டியதில்லை.

‘கேட்காததற்கு விடை சொல்வது என் கடமையா? நான் செய்த தவறு இல்லையே?’ என்று மனம் வாதிடும். அந்த வாதத்தில் வலிமை இல்லாமலும் இல்லை. எல்லாக் குறைகளையும் எல்லாரிடமும் பறைசாற்ற வேண்டும் என்று எந்த அறநூலும் கூறவில்லை. ஒருவருடைய கடந்தகாலம் ஊரார் அனைவருக்கும் உரிய பொருள் அன்று. ஆனால் ஒருவர் தம் சொல்லையோ மௌனத்தையோ நம்பி முடிவெடுக்கப் போகிறார் என்பதை அறிந்த கணத்திலேயே நிலைமை மாறிவிடுகிறது. வாங்குபவர் விலை கொடுப்பது அவர் மனத்தில் இருக்கும் காருக்கு. அவர் கொண்டுபோவது வேறு கார். அந்த இடைவெளியை அறிந்தவர் விற்பவர் மட்டுமே. அறிந்தும் அதை ஆதாயமாக்கிக்கொள்ளும் மௌனம், நாவை அசைக்காத பொய்யே.

அதன் கேடு அங்கே முடிவதும் இல்லை. வாங்கியவர் அறியாமலே அந்தப் பொய்யை அடுத்தவருக்கு விற்பார். அவர் மற்றொருவருக்கு. ஒரு மனிதன் இழுப்பறையில் பூட்டிய உண்மை, பிறந்திராத தலைமுறையின் நம்பிக்கையையும் பூட்டிவிடுகிறது. உண்மையைச் சொன்னால் விலை குறையும் என்பது மெய்யே. அந்தக் குறைவுதான் வாய்மையின் விலை. எதையும் இழக்க நேராதபோது உண்மை பேசுவது எல்லாருக்கும் கைவருவதே. திருவள்ளுவர் வாய்மைக்கென ஓர் அதிகாரமே வகுத்ததும், அரிச்சந்திரன் கதை ஊர்தோறும் மேடையேறியதும், இழப்பின் வாயிலில் நிற்கும் மனிதனுக்குத் துணை வேண்டும் என்பதற்காகவே.

பழுதுபார்த்தலும் பாசாங்கும்

பழைய வாகனங்களைப் பேணுவோரின் உலகக் கூட்டமைப்பு, டுரின் நகரின் பெயரால் ஒரு சாசனத்தை 2012-இல் ஏற்றது. பழங்கட்டடங்களைக் காப்பதற்காக 1964-இல் வெனிஸ் நகரில் உருவான சாசனத்தை அது வழிகாட்டியாகக் கொண்டது. இயன்றவரை குறைவாகத் தலையிடுக; செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்க; புதிதாகச் சேர்த்த உறுப்புகள் புதியவை என்று அடையாளம் காணத்தக்கவாறு குறியிடுக என்பவை அதன் கருத்துகளுள் சில. காலம் பொருளின்மேல் விட்டுச்சென்ற தடங்களையும் அது மதிக்கச் சொல்கிறது.

இதில் பெரிய ஆறுதல் அடங்கியிருக்கிறது. பழுதுபார்ப்பது வெட்கத்திற்குரியது அன்று. இல்லாத இளமையைப் பூசிக்கொள்வதே வெட்கத்திற்குரியது. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் இல்லாத மினுமினுப்பை இன்று ஏற்றிவைப்பவர், காருக்கு அழகு சேர்ப்பதாக எண்ணிக்கொண்டே அதன் வரலாற்றை அழித்துவிடுகிறார். அந்த ஆரஞ்சு மியூராவையே எடுத்துக்கொள்ளலாம். திரைப்படத்தில் கண்டது கறுப்பு இருக்கை. தொழிற்சாலை விதித்ததோ வெள்ளை இருக்கை. புகழுக்காகக் கறுப்பைப் பொருத்துவது அதன் பிறப்பை மறுப்பதாகும். கறுப்பு இருக்கை இருந்ததே இல்லை என்பது அதன் வாழ்வை மறுப்பதாகும். வெள்ளையோடு பிறந்தது, சில நாள் கறுப்பைத் தாங்கியது, மீண்டும் வெள்ளைக்குத் திரும்பியது என்று மூன்றையும் சேர்த்துச் சொல்வதே முழு உண்மை.

மனித வாழ்வுக்கும் இந்த நெறி பொருந்தும். தவறியவர் திருந்துகிறார், கோபக்காரர் பல ஆண்டு முயன்று பொறுமையைப் பழகுகிறார், குடித்தவர் குடியை விடுகிறார். ‘இவர் அசலில் அப்படித்தான், இந்த நல்ல குணமெல்லாம் பிறகு ஒட்டவைத்தது’ என்று உலகம் சில வேளை ஏளனம் செய்யும். அந்த ஏளனத்துக்கு அஞ்சவேண்டியதில்லை. ஒட்டவைத்த பலகையும் காலத்தால் கப்பலோடு கலந்து கப்பலே ஆகிறது. முயன்று பெற்ற பொறுமை, பிறவியிலேயே வாய்த்த பொறுமைக்குச் சிறிதும் குறைந்ததன்று. வேண்டியது ஒன்றே: ‘நான் என்றுமே இப்படித்தான் இருந்தேன்’ என்ற பொய் எண்ணை அதன்மேல் பொறிக்காதிருப்பது. தன் பழுதுகளை ஒப்புக்கொண்டவனுக்கே பிறர் பழுதின்மேல் இரக்கம் பிறக்கும்.

உரிமையாளர் வரிசை

ஒரு பழங்காரின் விற்பனை வரலாற்றை முழுமையாகப் படிப்பவர் இறுதியில் இன்னொன்றையும் காண்பார். பெயருக்குக் கீழே பெயர். தேதிக்குக் கீழே தேதி. அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் ‘இது என் கார்’ என்றனர். சிலர் அதற்காகக் கடன்பட்டிருப்பர். சிலர் பிரிய மனமின்றி விற்றிருப்பர். இன்று அவர்கள் ஒரு தாளில் ஒரு வரி. கார் அடுத்தவர் வாசலில் நிற்கிறது. உண்மையில் யாரும் அதன் உரிமையாளர் அல்லர். சில ஆண்டுக் காவலர்கள் மட்டுமே.

காவலர் என்று தம்மை உணர்ந்தவருக்கு விற்பனையும் வேறு பொருள் பெறுகிறது. கைவிட்டுப் போகும் பொருளோடு அதன் உண்மையையும் சேர்த்து ஒப்படைக்கவேண்டும் என்ற பொறுப்பு பிறக்கிறது. இழுப்பறையில் இருந்த அந்த ரசீது மேசைமேல் வருகிறது. விலை குறையலாம். ஆனால் பெற்றுக்கொண்டபோது இருந்ததைவிட அதன் வரலாறு ஒரு பொய் குறைந்ததாக அடுத்தவர் கைக்குச் செல்கிறது.

நிலம், வீடு, கல்வி, பதவி, இந்த உடல் ஆகிய எல்லாவற்றிலும் மனிதன் இடைக்காலக் காவலனே. அவை அவன் கையில் இருக்கும்போது மாறும், தேயும், சில பழுதாகும், சில செப்பனிடப்படும். அதில் அவனுக்குக் குறை ஒன்றும் இல்லை. வரிசையில் தன் பெயருக்கு நேரே உள்ள வரி உண்மையாக எழுதப்பட்டதா என்பது ஒன்றே அவன் பொறுப்பு.